டைனோசருக்குக் கண் திறந்தவன்

ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, மைசூரைச் சுற்றிக் கணபதிராமன் பார்க்காத இடம் பாக்கியில்லை. மாநிலத்துக்குக் கர்நாடகா என்று பேர் மாறிய புதிது. பஸ்ஸில் புதுப் பேர் எழுதிய பெயிண்ட் காய்வதற்குள் அதில் ஏறி உட்கார்ந்துவிடுவார் என்று தெருவில் பேச்சு. குண்டலுபேட்டை ரோட்டில் ஒருவன் டைனோசர் கட்டி நிறுத்தியிருக்கிறான் என்று காதில் விழுந்ததும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் தனியாகப் பார்ப்பதில் என்ன ருசி? மனைவி விசாலாக்ஷியோ, கோயில் என்றாலொழிய வாசல்படி தாண்டமாட்டாள். ஆகவே, நஞ்சன்கூடு தாண்டி ஒரு புது க்ஷேத்திரம், கேட்டதைக் கொடுக்கும் தெய்வமாம் என்று கூசாமல் அளந்துவிட்டார். அந்த அம்மாள் தேங்காயும் கதம்பமுமாகக் கிளம்பிவிட்டாள்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் கணபதிராமனுக்கே வாய் அடைத்தது. புளியமரங்களுக்கு மேலே ஒரு தலை. வாய்க்குள் கல்யாணப் பந்தி போடலாம். பாயசம் பரிமாறுகிறவனுக்கு மட்டும் கொஞ்சம் இடம் நெருக்கும். அது தும்மினால் ஊட்டியில் குடை பறக்கும். பக்கத்தில் நீளக் கழுத்தோடு ஒன்று, மூக்கில் கொம்பு முளைத்து ஒன்று. அதெல்லாம் சரி. பெரிய உருப்படியின் காலடியில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. நகத்துக்கு நகம் மஞ்சள். எவனோ ஏணி போட்டு ஏறி நெற்றியில் தாம்பாள அகலத்துக்குக் குங்குமம் அப்பியிருந்தான். லாரிக்காரர்கள் வரிசையில் நின்று தேங்காய் உடைத்தார்கள். சொன்ன பொய் இப்படிக் கண்ணெதிரே பலித்தால் மனுஷன் என்ன செய்வான்? விசாலாக்ஷி செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

கட்டியவன் பெயர் பழனி. சேலம் பக்கத்திலிருந்து வந்து, ஊர் ஊராகக் கோபுரங்களுக்குச் சுதை பொம்மை செய்தவன். கொட்டகை நிழலில் வாடிப்போய் உட்கார்ந்திருந்தான். கணபதிராமன் கிளறக் கிளறக் கதை வந்தது. தசரா பொருட்காட்சியில் ஒரு படத்தைப் பார்த்திருக்கிறான்; அன்றிலிருந்து அந்த மிருகம் அவன் கனவில் புகுந்து மென்று தின்றிருக்கிறது. சொந்த நிலத்தில் கம்பி வளைத்து, கோழிவலை சுற்றி, சிமெண்ட் பூசிக் கட்டினான். கண் மட்டும் பாக்கி. கோபுரத்தில் எந்தப் பொம்மைக்கும் கண் கடைசியில்தான். கை அப்படியே பழகிவிட்டது. விடியலில் குளித்து, சூடம் காட்டி, முகத்துக்கு நேரே கண்ணாடி பிடித்து, முறைப்படி டைனோசருக்கும் கண்ணைத் திறந்துவிட்டான். ஊரே கூடி நின்று பார்த்தது. கண் திறந்த பிறகு அதை மிருகம் என்று யார் ஒப்புக்கொள்வார்கள்?

இன்றைக்கு ஊர்ப் பெரியவர் ஜடையன் மண்டபத்துக்கு அளவெடுக்க வரப்போகிறார். தலைக்கு மேல் கூரை, நாலு பக்கமும் சுவர். மற்ற இரண்டையும் உடைத்து அஸ்திவாரத்துக்குப் போடுவதாகப் பேச்சு.

"சுவரு எழும்பிட்டா ரோட்டுல போறவன் கண்ணுக்கு ஒண்ணும் தெரியாதுங்க சாமி," என்றான் பழனி. "ஒருத்தனாவது இதப் பாத்து நடுங்கணும்னுதான் கட்டினேன். எல்லாரும் கும்புட்டுட்டுப் போறாங்க."

கணபதிராமனுக்கு மனசு இளகிவிட்டது. மனசு இளகினால் அவருக்கு நாக்கும் இளகிவிடும், அதுதான் கஷ்டம். கயிறும் முளைக்குச்சியுமாக ஜடையன் ஆட்களோடு வந்து சேர்ந்ததும் எழுந்துபோய், இந்த ஜந்துவைப் பற்றி லண்டன் பேப்பரிலேயே படித்திருப்பதாக ஆரம்பித்தார். காலை டிபனுக்கு எருமை மந்தை, மத்தியானத்துக்கு யானை, யானை கிடைக்காத நாளில் அரைப் பட்டினி என்றார். ஜடையன் வீட்டில் முட்டைகூட வாசல் ஏறாது. டைனோசரின் காலில் சாய்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தவர் சட்டென்று விலகி நின்றார். ஜெயித்தோம் என்று கணபதிராமன் மூக்குப்பொடியை எடுத்தார்.

அதற்குள் ஊரின் மறுபாதி முகம் மலர்ந்து முன்னால் வந்தது. மாமிசம் தின்கிற சாமி என்றால் அது தங்கள் சாமிதானே. சேவல் பிடிக்க ஆள் ஓடியது. ஜடையன் பக்கத்தார், அந்த நீளக் கழுத்து என்ன சாப்பிடும் என்று விசாரித்தார்கள். இலை தழை மட்டும்தான், ஏகாதசியன்று அதுவும் கிடையாது என்று சொல்லித் தொலைத்தார் கணபதிராமன். தேங்காய்கள் அங்கே நகர்ந்தன. பால் பொங்குகிற நேரத்தில் ஒரு கோயில் இரண்டு கோயில் ஆயிற்று. இரண்டு மண்டபத்துக்குக் கயிறு இழுத்தார்கள். பழனி தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். அவன் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது கணபதிராமனுக்கு.

"ஏன்னா, இனிமே வாயைத் திறக்காதேங்கோ," என்றாள் விசாலாக்ஷி. பிறகு பழனியிடம் திரும்பினாள். "ஏம்ப்பா, கோபுரத்துக்கு வர்ணம் அடிக்கறச்சே சாமியை எங்கே வச்சுட்டு அடிப்பா?"

"பாலாலயம் பண்ணுவாங்கம்மா. சக்தியக் கலசத்துல எறக்கி வெச்சிட்டுத்தான் நாங்க சாரத்துல ஏறுவோம்."

"அப்போ இதையும் எறக்கேன்."

பழனி அவளை நிமிர்ந்து பார்த்தான். எழுந்துபோய் ஜடையனிடம் சொன்னான். ஜடையன் பாலாலயம் பார்த்தவர்தான், மறுக்க வழியில்லை. ஆனாலும் ஊர்ப் பெரியவரல்லவா.

"வேலை முடிஞ்சா சாமி திரும்ப இதுக்குள்ள வரணுமே. எப்ப முடியும்?"

பழனி தலையிலிருந்து வால் வரைக்கும் பார்த்தான். "எங்கங்க முடியறது. வாலுக்கே இன்னும் செதில் வெக்கணும்."

மண்டபத்துக்கு இழுத்த கயிற்றைச் சுருட்டினார்கள். குடம் வந்தது. நூல் சுற்றி, மாவிலை வைத்து, விசாலாக்ஷி கொண்டுவந்த தேங்காயை மேலே வைத்தார்கள். பெரிய டைனோசரின் கட்டைவிரலிலிருந்து குடத்துக்கு ஒரு தர்ப்பைக் கயிறு, நீளக் கழுத்தின் காலிலிருந்து இன்னொன்று. பழனி ஏணியில் ஏறி, ஈரத் துணியால் நெற்றிக் குங்குமத்தை அழுத்தித் துடைத்தான். தமுக்கு முழங்கக் குடம் வேப்பமரத்தடிக்குப் புறப்பட்டது. ஊர் மொத்தமும் அதன் பின்னால். குடத்துக்குச் சேவல் ஆகாது என்று முடிவானதால் சேவலும் பிழைத்தது.

பாதி வழியில் ஜடையன் திரும்பி வந்தார். துண்டை டைனோசரின் பாதத்தில் வைத்துவிட்டு மறந்துவிட்டாராம். பாதம் நெருங்கியதும் அண்ணாந்து பார்த்தார். காலையில் அதே காலில் சாய்ந்துகொண்டு வெற்றிலை போட்ட மனிதர். குங்குமம் போன முகத்தில் இப்போது பல்லைத் தவிர வேறொன்றும் இல்லை. நின்ற இடத்திலேயே நின்றார். பழனியைக் கூப்பிட்டு, துண்டை எடுத்துத் தரச் சொன்னார்.

"நீங்களே எடுத்துக்குங்க," என்றான் பழனி. "ஒண்ணும் பண்ணாது."

அது பழைய துண்டுதான் என்றார் ஜடையன். முதுகைக் காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து, ரோடு வந்த பிறகுதான் திரும்பினார். பழனி ஏணியின் மேல்படியில் உட்கார்ந்து, அவர் போவதையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.