கங்காணியை அனுப்பிய சனிக்கிழமை

"அடுத்த புதன்கிழமை ஆடிட். அதுக்குள்ள அந்தப் பூனை ஸ்டோருக்குள்ள இருக்கக் கூடாது. விளங்குச்சா?"

"சரிங்க ஐயா" என்று நிரஞ்சன் ஐயாவிடம் சொன்னார் அழகுமுத்து.

பூனையோடு ஏழு வருடத்து உறவு இரண்டே வார்த்தையில் தீர்ந்தது.

இலங்கை மலையகத்தில் திம்புள்ளப் பக்கத்துத் தோட்டம் அது. அங்கே தேயிலை ஆலையை யாரும் ஆலை என்று சொல்வதில்லை, ஸ்டோர்தான். கொழுந்தை உலர்த்தும் ட்ரையருக்கு விறகு தள்ளி அனல் கொடுப்பது அழகுமுத்துவின் வேலை. இருபத்தாறு வருடமாக அடுப்பு வாயில் நிற்கிறார். ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் நிரஞ்சன் ஐயா வந்து ஒன்றரை வருடம்தான். கெட்டவர் இல்லை. ஆனால் ஆடிட்டுக்கு வரும் சர்ட்டிபிகேட்காரர்கள் தேயிலையில் ஒரு பூனை மயிரைக் கண்டுபிடித்தால், முதலில் உருளப்போவது அவர் தலை.

பூனையின் பெயர் கங்காணி; தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்குகிறவரின் பட்டம். அடுப்படியில் கூட வேலை செய்யும் பொன்னையா வைத்த பெயர். விறகு லொறியில் குட்டியாக வந்து இறங்கிய செம்மஞ்சள் பெட்டைக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது. காலையில் ஆட்கள் வேலைக்கு இறங்கியதும் வாலை நட்டுக்கொண்டு, கொழுந்து வாடப்போடும் மாடியிலிருந்து தூள் சலிக்கும் இடம்வரை ஒரு சுற்றுச் சுற்றும். எல்லாரும் ஒழுங்காக நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் அடுப்படிக்கு வரும்.

"ஆள் வந்துச்சான்னு பேர் போடுற நேரத்துக்கு மட்டும் முழிச்சிருக்கு. மிச்ச நேரமெல்லாம் தூக்கம். அசல் கங்காணிதான்!" என்பார் பொன்னையா.

தூங்குவது அழகுமுத்துவின் மடியில். முன்னங்கால் இரண்டாலும் அவர் இடுப்புச் சாரத்தை மாவு பிசைவதுபோல் பிசையும். அவர் தாடையில் தலையால் ஒரு முட்டு. பிறகு சுருண்டுகொள்ளும். அந்த முட்டு விழாத நாளில் அவருக்குச் சோறு இறங்காது.

வியாழக்கிழமை வேலை முடிந்ததும் வீட்டுக்குத் தூக்கிப் போனார். இரண்டு மைல் ஏற்றம். வெள்ளி காலை வந்து பார்த்தால், அடுப்புக்கு முன்னால் கங்காணி உட்கார்ந்திருந்தது. பிந்தி வந்தவனைப் பார்க்கிற அதே பார்வை!

பொன்னையா தலையில் அடித்துக்கொண்டார். "இது எங்க விட்டாலும் வந்துரும்யா."

"நாளைக்கு பைஸர் நானாவோட சாமான் வேன் வருது. கினிகத்தேனைக்குக் கொண்டுபோகச் சொல்லியிருக்கேன். அங்க அவரு கடையில எலித் தொல்லையாம்."

"அங்கேருந்தும் கெளம்பும். ஒன்மேல பாசம் இருக்கிற வரைக்கும் நடக்கும். வழியில ஏதாவது பஸ்ஸுல அடிபட்டுச் சாகும். வெறுப்பாக்கி அனுப்பு. ரெண்டு போடு, திரும்பியே பாக்காது."

"என்னால ஆகாதுப்பா."

"அதோட உசுருக்காகத்தான்யா சொல்றேன்."

மத்தியானம் வழக்கம்போல் மடி தேடி வந்தது. தள்ளிவிட்டார். விளையாட்டு என்று நினைத்து மறுபடி வந்தது. அதட்டினார். நின்றது, முகத்தைப் பார்த்தது, மறுபடி வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு விறகுச் சிராயைத் தூக்கி எறிந்தார். தரையில் விழவேண்டும் என்றுதான் எறிந்தார். பின்னங்காலில் விழுந்தது.

கங்காணி கத்தவில்லை. நொண்டிக்கொண்டே விறகு அடுக்குக்குள் போய்விட்டது. அழகுமுத்து நின்ற இடத்திலேயே நின்றார். "அடுப்புல என்ன தூக்கமா? சூடு எறங்குது!" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்த பிறகுதான் கை அசைந்தது.

சனிக்கிழமை பைஸரின் வேன் வந்தது. விறகு அடுக்குப் பக்கம் குனிந்து, "கங்காணி" என்று ஒரே தடவை கூப்பிட்டார். வராமல் இருந்திருக்கலாம்.

வந்தது. காலை இழுத்து இழுத்து, காதைப் பின்னுக்கு மடித்துக்கொண்டு, வந்தது.

தடவவில்லை அவர். தடவினால் நேற்று செய்ததெல்லாம் வீண். அப்படியே பெட்டிக்குள் வைத்து மூடி, "போய்த் தொலை" என்றார்.

"என்ன அண்ணன், மகளைக் கட்டிக் குடுத்து அனுப்புற மாதிரி மொகம்?" என்று பைஸர் சிரித்தார்.

அழகுமுத்து திரும்பிப் பார்க்காமல் அடுப்படிக்குப் போனார்.

புதன்கிழமை வந்தது. ஆடிட்டுக்கு வந்த ஓர் அம்மா, தலையில் வெள்ளைத் தொப்பியோடு ஸ்டோரை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். அடுப்படிக்கு வந்தபோது, வாட்ச்சரின் நாய் விறகுக்குப் பக்கத்தில் கால் நீட்டிப் படுத்திருந்தது. நிரஞ்சன் ஐயாவின் முகம் வெளுத்துவிட்டது. அந்த அம்மாவோ சுவரைத் தட்டிப் பார்த்தார். இந்தப் பக்கம் தேயிலை வருவதில்லையே, உள்ளே போகும் கதவுக்கு மட்டும் ஒரு கம்பிவலை அடியுங்கள், போதும் என்று எழுதிவிட்டு நடந்தார்.

பின்னேரம் நிரஞ்சன் ஐயாவே அடுப்படிக்கு வந்தார். "அண்ணே, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? உள்ள வரக் கூடாதுன்னுதானே சொன்னேன்? அன்னிக்கே வலை அடிச்சிருப்போம். போய்க் கூட்டிட்டு வாங்க."

"சரிங்க ஐயா."

கேட்டிருக்கலாம். அவருடைய அப்பா எந்த ஐயாவிடமும் எதையும் கேட்டதில்லை. அவரும் கேட்டதில்லை. கேட்கலாம் என்பதே அன்றைக்குத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒரு கூடையோடு பஸ் ஏறினார்.

கினிகத்தேனையில் குளிர் இல்லை. கடையில் பைஸரின் மனைவி சுபைதா இருந்தாள். அரிசி மூட்டைமேல் கங்காணி. ஒரு வாரத்தில் கொஞ்சம் சதைகூடப் போட்டிருந்தது.

"கங்காணி!"

காது நிமிர்ந்தது. குதித்து இறங்கியது. நொண்டல் இல்லை. அவரை நோக்கி இரண்டு எட்டு வைத்தது. அழகுமுத்து ஆசையாகக் கையை நீட்டினார்.

அவ்வளவுதான். வயிறு தரையில் ஒட்டப் பதுங்கி, ஒரே பாய்ச்சலில் சுபைதாவின் காலுக்குப் பின்னால் போய்விட்டது.

"கையத் தூக்கினா இப்பிடித்தான் அண்ணன். எங்க வீட்டுக்காரரு தோள்ல துண்டு போட்டாலும் ஓடிப் போவுது. எவனோ பாவி அடிச்சிருக்கான்."

சும்மா இருந்திருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை.

"நாந்தாம்மா அடிச்சேன். திரும்பி வந்து, வழியில செத்துரக் கூடாதேன்னு."

சுபைதா குனிந்து பூனையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். அது அவள் தாடையில் தலையால் ஒரு முட்டு முட்டியது.

அவள் பார்வை கூடைக்குப் போனது. குரல் இறங்கிவிட்டது. "கூட்டிட்டுப் போகவா வந்தீங்க?"

கேட்டால் கொடுத்துவிடுவார்கள். நல்ல மனிதர்கள். கூடைக்குள் வைத்துக் கொண்டுபோய் அடுப்படியில் விடலாம். விட்டால்? நாளெல்லாம் அவர் செய்வது விறகு தூக்கும் வேலை. ஒவ்வொரு கட்டைக்கும் கையை ஓங்கத்தான் வேண்டும். ஒவ்வொரு தடவையும் இந்த உயிர் பயந்து பதுங்கவேண்டும்.

"இல்லம்மா. வெங்காயம் வாங்க வந்தேன்."

"வெங்காயத்துக்கா இவ்வளவு தூரம்?"

"இங்க நல்லா இருக்கும்னாங்க."

அவள் ஒரு கையால் பூனையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் இரண்டு கிலோ நிறுத்துக் கூடையில் கொட்டினாள்.

"நெத்தியில தடவினா அதுக்குப் புடிக்காது. காதுக்குப் பின்னாலதான்..."

"தெரியும் அண்ணன்" என்றாள் சுபைதா, மெதுவாக.

ஹட்டன் பஸ்ஸில் கூட்டம். "பெரியவரே, கூடையைக் கீழ வைங்க, ஆக்கள் நிக்கட்டும்" என்றான் கண்டக்டர்.

"இருக்கட்டும் தம்பி" என்று அழகுமுத்து அதை மடியில் இன்னும் கொஞ்சம் இழுத்து வைத்துக்கொண்டார். பாதி வழியில் வட்டவளை தாண்டியும் இறக்கவில்லை.