இரண்டு மத்தியானச் சாப்பாடு

மூன்றாவது மாடி வீட்டுச் சமையலறையில், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் தலையை நுழைத்துக்கொண்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் பிளம்பருக்கு நெஞ்சு பற்றிக்கொண்டது. எரிச்சல் அவருக்குப் புதிதில்லை. இரண்டு வருடமாகவே குனிந்தால் போதும், புளிப்பும் கசப்புமாக ஏதோ தொண்டைவரை எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். ஒரு மடக்குச் சோடா, ஒரு பெரிய ஏப்பம், வேலை தொடரும். அன்றைக்கு வந்தது அப்படிச் சொல்லிக்கொண்டு போகிற ரகமில்லை. மார்புக்கு நடுவில் யாரோ ரெஞ்சை மாட்டி இறுக்குவது போலிருந்தது. பின்பக்கமாக ஊர்ந்து அவர் வெளியே வந்தபோது சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. வீட்டுக்காரம்மா போட்ட கூச்சலில் கீழ்வீட்டுக்காரர்கள் ஓடி வந்தார்கள். ஆம்புலன்சைக் கூப்பிட்டதும் அவர்கள்தான், அவருடைய மனைவிக்குத் தகவல் சொன்னதும் அவர்கள்தான்.

மனைவிக்குத் தையல் கடையில் வேலை. கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக்கூடக் கழற்றாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தாள். நெஞ்சில் ஒயர்களோடு படுத்திருந்தவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். ஐம்பத்திரண்டு வயதில் ஆட்டம் முடிந்தது என்று அவரே தீர்ப்பு எழுதிவிட்டிருந்தார். போகிற நேரத்தில் மனதில் எதற்குப் பாரம்?

"உனக்கு ஒரு துரோகம் பண்ணிட்டேன்" என்றார்.

அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"நாலு வருஷமா. தினமும் மத்தியானம். சொல்ல தைரியம் வரல."

"யாரு?" என்றாள். குரலில் சத்தமே இல்லை.

"அக்கா வீட்லதான் சாப்பிடுறேன்."

ஒயர்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்த நர்ஸ் சட்டென்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள், தோள் குலுங்கியது. மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை. போன உயிர் திரும்பிய வேகத்தில் கோபமும் கூடவே வந்தது. புது வீட்டுக்குக் குடிவந்த அன்று, அவள் இரண்டு வாரம் கண்விழித்துத் தைத்த திரைச்சீலைகளைப் பார்த்துவிட்டு நாத்தனார் சொன்ன ஒரே வார்த்தை, "ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்கு." அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்று நாலு வருடம்.

"அப்ப நான் கட்டிக் குடுக்கிற டப்பா?"

"அதையும் சாப்பிடுவேன். பதினோரு மணிக்கு."

இதயத்தில் ஒன்றும் இல்லை என்று இரவுக்குள் தெரிந்துவிட்டது. மறுநாள் தொண்டை வழியாகக் கேமரா விட்டுப் பார்த்த டாக்டரம்மா, உணவுக்குழாயின் அடிப்பாகம் முழுக்கப் புண்ணாகிக் கிடப்பதாகச் சொன்னாள். காகிதத்தில் ஒரு குழாயும் ஒரு பையும் வரைந்து, இரண்டும் சேருமிடத்தில் பேனாவை வைத்தாள். "இந்த வாசல் கீழ்ப்பக்கம்தான் வழி விடணும். உங்களுக்கு இது சரியா மூடல. அமிலம் மேல ஏறுது."

பிளம்பர் முதல்முறையாகத் தலையணையிலிருந்து எழுந்து உட்கார்ந்தார். "வால்வு லூசாயிருச்சு. வாஷர் மாத்திடலாமா?"

"முதல்ல அழுத்தத்தைக் குறைச்சுப் பார்ப்போம்" என்றாள் டாக்டரம்மா, அவர் பாஷையிலேயே. காலையில் சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் மாத்திரை, எட்டு வாரம். கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும். படுக்கைக்கு மூன்று மணிநேரம் முன்பே வாயை மூடிவிட வேண்டும். காபி, பொரித்தது, காரம் கூடாது. கட்டிலின் தலைமாட்டை உயர்த்த வேண்டும். சாப்பிட்டதும் குனியக்கூடாது, தொப்பை குறைய வேண்டும். "இப்படியே விட்டா புண் ஆறித் தழும்பாகி, குழாய் சுருங்கிடும். அப்புறம் சாப்பாடு இறங்கவே கஷ்டம்." உள்ளே அடைத்துப்போன குழாய் எப்படி இருக்கும் என்று பிளம்பருக்கு யாரும் படம் வரைந்து காட்ட வேண்டியதில்லை.

"ஒரு வாரத்துல வழக்கமா என்னென்ன சாப்பிடுவீங்கன்னு எழுதிட்டு வாங்க. ஒண்ணையும் மறைக்காம."

மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

வீட்டில் மூன்று நாள் கஞ்சி மட்டும் வந்தது, பேச்சு வரவில்லை. அவர் பாட்டுக்குக் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் மரக்கட்டைகளைக் கொடுத்து ஆறு அங்குலம் தூக்கினார். முப்பது வருடமாக எல்லாம் சமமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்தவர், சமமாக இல்லை என்று உறுதிசெய்ய அதை வைத்துப் பார்த்தது அன்றுதான். விடிந்து பார்த்தால் மனைவி சறுக்கிக்கொண்டே போய்க் கால்மாட்டில் சுருண்டு கிடந்தாள். அவர் சிரிப்பை விழுங்கினார். அவள் போர்வைக்குள் சிரித்தாளா, இருமினாளா என்பது கடைசிவரை தெரியவில்லை.

நாலாம் நாள் மத்தியானம் அவர் குளிக்கப் போயிருந்த நேரத்தில் மேசைமேல் செல்போன் அடித்தது. திரையில் 'அக்கா'. மணி நிற்கும் என்று மனைவி பார்த்தாள். நிற்கவில்லை. எடுத்தாள்.

"எங்கடா போய்த் தொலைஞ்ச? அஞ்சாறு நாளா சமைச்சு வச்சு எடுத்துக் கொட்டுறேன். உடம்புக்கு ஏதாவதா?"

"அவர் குளிக்கிறார், அண்ணி."

அவளுக்கே, நாலு வருடம் கழித்து வாயில் வந்த அந்த 'அண்ணி' வேற்று ஆள் குரலாகக் கேட்டது. நடந்ததைச் சொன்னாள். டாக்டரம்மா கேட்ட பட்டியலையும் சொன்னாள்.

"எழுதிக்கோ" என்றாள் நாத்தனார். "திங்கக்கிழமை பொரிச்ச மீன். ரெண்டு."

"ரெண்டா?"

"நாலு. அப்புறம் காபி. அப்புறம் சோபால கொஞ்சம் கட்டையைச் சாய்ப்பான்."

"ஐயோ, சாப்பிட்டதும் படுக்கவே கூடாதாம்!"

செவ்வாய் எழுதினாள், புதன் எழுதினாள். பக்கத்திலேயே தன் டப்பாவில் போனதையும் எழுதிக்கொண்டே வந்தாள். வியாழனுக்கு வரும்போது தாளில் இடமில்லை. "இது வயிறா, மொட்டைமாடித் தண்ணித் தொட்டியா அண்ணி?" என்றாள். நாத்தனார் வெடித்துச் சிரித்தாள். சிரித்து முடித்தபோது குரல் இறங்கியிருந்தது.

"நீயும் கட்டிக் குடுக்கிறேன்னு எங்கிட்ட அவன் சொல்லலம்மா. வெறும் வயித்தோட வரான்னு நினைச்சேன். எங்க வீட்டுக்காரர் போனப்புறம் ஒருத்திக்காக அடுப்பு பத்த வைக்கத் தோணுறதில்ல. அவன் வரானேன்னுதான் சமைப்பேன். வராத அன்னிக்கு ரெண்டு பிஸ்கட்டோட சரி."

குளியலறை வாசலில் துண்டோடு நின்றுகொண்டிருந்தார் பிளம்பர். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அந்தப் பிஸ்கட் விஷயம் அவருக்கு நாலு வருடமாகத் தெரியும். மனைவி அவரை ஏறிட்டுப் பார்த்தாள். முன்பு ஆஸ்பத்திரியில் பார்த்த பார்வை இல்லை இது.

"இதை எங்கிட்ட சொல்லியிருந்தா நான் என்ன கடிச்சா தின்னுருப்பேன்?" என்று அவரிடம் கேட்டுவிட்டுப் போனில் சொன்னாள்: "எங்க வீட்ல இப்ப ராத்திரிச் சாப்பாடு ஆறரை மணிக்கே அண்ணி. காரம் இல்ல, எண்ணெய் இல்ல, சப்புன்னு இருக்கும். தினமும் வந்துருங்க."

கொஞ்சம் யோசித்துச் சேர்த்துக்கொண்டாள். "திரைச்சீலையைப் பத்தி மட்டும் பேசக்கூடாது."

முதல்நாள் நாத்தனார் வந்து, ஜன்னல் பக்கமே திரும்பாமல், கழுத்து சுளுக்கியவள் போல உட்கார்ந்து சாப்பிட்டாள். நாலாம் நாள் சமையலறைக்குள் போய்விட்டாள். காரமில்லாமல் ருசி வரவைப்பதில் இருவருக்கும் போட்டி வந்தது. பிளம்பர் பாடுதான் திண்டாட்டம். முன்பு இரண்டு வீட்டிலும் உபசாரம், இப்போது இரண்டு பக்கமும் காவல். ஒருத்தி தட்டை எடுப்பாள், இன்னொருத்தி மணியைப் பார்ப்பாள். தொட்டிக்கு அடியில் குனிகிற வேலைகளையெல்லாம் காலை வெறும் வயிற்றுக்கு ஒதுக்கினார். சாப்பிட்ட பிறகு நின்றுகொண்டு செய்கிற வேலை மட்டும். நடுவில் ஒருநாள், வேலை செய்த வீட்டில் கொடுத்த சாக்லேட் கேக்கில் சபலப்பட்டு மூன்று துண்டு சாப்பிட்டுவிட்டு, படுத்ததும் தொண்டைவரை எரிந்து, அவராகவே எழுந்து பட்டியலில் எழுதினார். எட்டு வாரத்தில் பெல்ட்டில் இரண்டு ஓட்டை புதிதாகப் போட வேண்டியிருந்தது. மாத்திரையைப் பாதியாகக் குறைத்துப் பார்ப்போம் என்றாள் டாக்டரம்மா. வால்வு என்னவோ பழைய வால்வுதான், பார்த்துத்தான் நடந்துகொள்ள வேண்டும் என்றும் சொன்னாள்.

அன்று மாலையும் சாப்பிட்டதும் மூவரும் நடக்கக் கிளம்பினார்கள். பெண்கள் இருவரும் முன்னால் போனார்கள். பேச்சு அவருடைய சின்ன வயதுத் திருட்டுத் தீனியைப் பற்றி என்பது, நாத்தனார் கையை விரித்துக் காட்டிய அளவிலேயே தெரிந்தது. தூறல் விழுந்தது. மனைவி பையிலிருந்து குடையை எடுத்து விரித்தாள். அதற்கடியில் இருவரும் நெருங்கிக்கொண்டார்கள். பிளம்பர் மூடியிருந்த ஒரு கடையின் கூரைக்கடியில் ஒதுங்கினார். அவர் பின்னால் இல்லை என்பதை இருவரும் கவனித்ததாகவே தெரியவில்லை. "இந்தாங்க, நானும் இருக்கேன்!" என்று கத்த வாயெடுத்தவர், கத்தவில்லை. தெருவிளக்கின் வெளிச்சத்தில், இருவருக்கும் போதாத அந்தச் சின்னக் குடை ஒருமுறை இந்தப் பக்கமும் ஒருமுறை அந்தப் பக்கமும் சாய்ந்து சாய்ந்து தெருமுனையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.