வெறும் உப்புத் தண்ணீர்

இரண்டு வருடமாக அவள் குளிக்கும்போது வாயால்தான் மூச்சு விடுகிறாள். குளியலறையில் பாதி அவள் கணவனின் ஆராய்ச்சிக்கூடம். பன்னிரண்டு கண்ணாடி ஜாடிகளில் சாக்கடைச் சேறு. ஒவ்வொன்றிலும் ஒரு செப்புத் தகடும் ஒரு பிடி ஆணியும். கோத்த கம்பிகளின் முனையில் ஒரு சின்ன பல்பு. சேற்றுக் கிருமிகள் கழிவைத் தின்று மின்சாரம் தருகின்றன என்பது அவனுடைய கண்டுபிடிப்பு. எந்தக் கல்லூரியும் அவனைச் சீந்தவில்லை. அவனும் எந்தக் கல்லூரியையும் மதிக்கவில்லை.

நாற்றம் துண்டில் இருந்தது, தலையணை உறையில் இருந்தது, அவள் தலைமுடியில் இருந்தது. பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்து இருக்கை எப்போதும் காலி. ஆனாலும் பல்பு எரிந்தது. அந்த ஒன்றுக்காகவே பொறுத்துக்கொண்டாள்.

ஆணிகளைக் கொண்டுவந்து கொடுத்தவளும் அவள்தான். முலாம் பட்டறையில் துத்தநாகம் சரியாகப் பிடிக்காத ஆணிகளைப் பொறுக்கி ஒதுக்குவது அவள் வேலை. கழித்ததை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் மேஸ்திரி. மாதம் ஒரு டப்பா நிறைய. போன மாத ஆணிகள் என்ன ஆயின என்று அவள் கேட்டதே இல்லை. பதினோரு வருடம் அந்தப் பட்டறையில் குப்பை கொட்டியவள் கேட்டிருக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் கீழ்வீட்டு நர்சம்மா வருவதாக இருந்தது. தெருமுனைப் பிரசவ விடுதி அவர் பொறுப்பில் இருக்கிறது. கரண்ட் போனால் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பிரசவம் பார்ப்பவர். விடுதிக்கு ஒரு பெரிய பேட்டரி தருவதாகச் சுகாதார அலுவலகம் சொல்லியிருந்தது. “பேட்டரி எதுக்குக்கா? உங்க கழிவுத் தொட்டியே வெளிச்சம் குடுக்கும்” என்றான் அவள் கணவன். அவரும் நம்பி, பேட்டரியை வேறு விடுதிக்குக் கொடுங்கள் என்று கடிதமே எழுதிவிட்டார். எரிவதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டு அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

விருந்தாளி வருகிறாரே என்று அவள் குளியலறையைத் தேய்க்க இறங்கினாள். கீழ்த்தட்டு வாளியை இழுத்தபோது பின்னால் துணி மூடிய மூன்று ஜாடிகள். உள்ளே சேறு இல்லை. தெளிந்த தண்ணீர், ஒரு செப்புத் தகடு, அடியில் வெள்ளைப் பொடி, அரித்து இளைத்துப்போன ஆணிகள். மேலே ஒட்டிய தாளில் அவன் கையெழுத்து: ‘வெறும் உப்புத் தண்ணீர். சேறு இல்லை. பல்பு எரிகிறது. அதே வெளிச்சம்.’ தேதி பதினேழு மாதத்துக்கு முந்தையது.

அந்த வெள்ளைப் பொடியைப் பட்டறையில் தினமும் சுரண்டுகிறவள் அவள். கரைந்ததெல்லாம் ஆணியின் துத்தநாகம். வெளிச்சம் அதிலிருந்து வந்தது. சேறு சும்மா நாறிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

ஜாடியோடு கூடத்துக்குப் போனாள். “இது என்னங்க?”

அவன் முகம் வெளுத்தது. “அது... ஒரு தடவை செஞ்சு பாத்தேன். நோட்டுல ஏத்தல.”

“ஏன் ஏத்தல?”

“ஏத்தினா எல்லாம் முடிஞ்சு போச்சே.”

“அப்புறம் எதுக்கு அந்தச் சேறு? பதினேழு மாசமா என்னை எதுக்கு அந்த நாத்தத்துல குளிக்க வச்சீங்க?”

“உப்புத் தண்ணிய வச்சா யாரும்மா நம்புவாங்க? நாறினாத்தான் கிருமின்னு நம்புவாங்க.”

சேற்றைக்கூட இத்தனை நாளில் அவள் இவ்வளவு அருவருத்ததில்லை. இப்போது அவன் விரல்கள், நோட்டு, ஆராய்ச்சிக்கென்றே போடும் அந்த வெள்ளைக் கோட்டு, எல்லாமே அருவருப்பாக இருந்தன.

நர்சம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். கையில் கடிதம். “எங்கப்பா உன் அதிசயம்?”

அவன் வாயைத் திறப்பதற்குள் இவள் மூன்று ஜாடிகளையும் மேசையில் வைத்தாள். டப்பாவிலிருந்து புது ஆணிகளைப் போட்டுக் கம்பியைக் கோத்தாள். பல்பு எரிந்தது.

“மோந்து பாருங்கக்கா.”

நர்சம்மா குனிந்தார். “வாடையே இல்லையே. சேறு எங்க?”

“சேறே வேணாம்க்கா. ஆணிதான் கரையுது. அது தீந்தா வெளிச்சமும் போச்சு. நீங்க அந்த பேட்டரிய வாங்கிடுங்க.”

நர்சம்மா அவன் பக்கம் திரும்பினார். “உனக்குத் தெரியுமா தம்பி?”

அவன் நோட்டை மூடி வைத்தான்.

“வாயில டார்ச்ச வச்சுக்கிட்டுக் குழந்தைய எடுத்த கதைய சொன்னப்ப, நீ அழுதியேப்பா.” கடிதத்தை நான்காகக் கிழித்து மேசையில் வைத்துவிட்டு அவர் இறங்கிப் போனார்.

அவள் பன்னிரண்டு ஜாடிகளையும் சாக்கடையில் கொட்டினாள். “கிருமி செத்துடும்மா” என்று பழக்கதோஷத்தில் அவன் முனகினான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. குளியலறையை மூன்று முறை கழுவி, ஜன்னலைத் திறந்து வைத்து, இரண்டு வருடத்தில் முதல் முறையாக மூக்கால் மூச்சு விட்டுக் குளித்தாள். சோப்பு வாசனை மட்டும்தான் வந்தது.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்து சாப்பிட உட்கார்ந்தாள். அவன் எதிரே வந்து உட்கார்ந்தான். அவள் தட்டை நகர்த்திக்கொண்டாள். தன்னையறியாமல் வாயால் மூச்சு விடத் தொடங்கினாள்.