சொங்கியின் நீலம்

எனக்கு வாய் நீளம் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். அதில் பொய்யில்லை. ஆனால் அந்த வாய் ஒரு கிடாவின் உயிருக்கே உலை வைக்கப் பார்க்கும் என்று நானே நினைக்கவில்லை.

ஆட்டு இனப்பெருக்கப் பண்ணையில் எனக்கு வேலை. எந்தக் கிடாவைப் பெட்டைகளோடு சேர்ப்பது, எதைக் கழிப்பது என்று முடிவு செய்ய வேண்டியவள் நான். கழித்த கிடா நேராகக் கறி வியாபாரியின் வண்டியில் ஏறும். என் கணவரின் தங்கையும் அதே பண்ணையில்தான் தீவனம் போடுகிறாள். வீட்டில் ‘அண்ணி, அண்ணி’ என்று காலைச் சுற்றுகிறவள், பண்ணைக்குள் நுழைந்துவிட்டால் கிடாக்களின் வக்கீல்.

இந்த வருடம் மிச்சம் இருந்தது ஒரே இடம். போட்டிக்கு இரண்டு கிடாக்கள். ஒன்று மாப்பிள்ளை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பான். கொம்பு இரண்டும் அளவெடுத்துச் செய்ததுபோல் இருக்கும். அவனைப் பார்த்தவுடனே மனசுக்குள் தேர்வு செய்துவிட்டேன். இன்னொன்று சொங்கி. ஒரு கொம்பு நெற்றிப்பக்கம் திரும்பிக்கொண்டிருக்கும். மூன்று குட்டிகளில் கடைசியாகப் பிறந்து, தாய் பால் கொடுக்காமல் உதைத்துத் தள்ளியதை, நாத்தனார்தான் புட்டிப்பால் கொடுத்துப் பிழைக்க வைத்தாள்.

“ஆளைப் பார்த்து எடை போடாதீங்க அண்ணி” என்றாள்.

“தராசுல நிறுத்திதாண்டி பார்த்தேன். நாலு கிலோ குறையுது. அவன் பெட்டை மேல ஏறணும்னா முதல்ல ஏணி வாங்கணும்.”

“சோதனை வெச்சுப் பாருங்க. அப்புறம் பேசுங்க.”

“சரி. பத்துல மூணை முடிச்சுட்டான்னா, இன்னிலேர்ந்து உன்னை நான் அண்ணின்னு கூப்பிடறேன். போதுமா?”

“சத்தியமா?”

“சத்தியமா!”

சோதனை பெரிய வித்தையெல்லாம் இல்லை. கிடாவின் நெஞ்சில் ஒரு பட்டையைக் கட்டி, அதில் சாயக்கட்டி ஒன்றைச் செருகிவிடுவோம். பருவத்தில் இருக்கும் பத்து பெட்டைகளோடு இரண்டு மணி நேரம் விடுவோம். கிடா எந்தப் பெட்டை மேல் ஏறினாலும் அதன் முதுகில் சாயம் ஒட்டும். சாயம் பட்ட முதுகை எண்ணினால் முடிந்தது. மூன்றுக்குக் குறைந்தால் கழிவு. ஆள் பக்கத்தில் நின்றால் சில கிடாக்கள் கூச்சப்படும் என்பதால், சோதனை நேரத்தில் பட்டிப் பக்கம் யாரும் போகக் கூடாது என்பது நான் போட்ட சட்டம்.

அன்று காலை பல் கிட்டிக்கிற குளிர். மாப்பிள்ளைக்குப் புதுப் பெட்டியிலிருந்து சிவப்புக் கட்டி. சொங்கிக்கு நீலம்; அது புதுப் பெட்டியின் அடியில் எங்கேயோ இருந்தது. தோண்டிப் பார்க்கச் சோம்பல்பட்டு, அலமாரி மூலையில் கிடந்த பழைய பெட்டியிலிருந்து ஒரு நீலக்கட்டியை எடுத்து அவனுக்குச் செருகினேன். இரண்டையும் தனித்தனிப் பட்டியில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன்.

இரண்டு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால், மாப்பிள்ளையின் பட்டியில் நான்கு சிவப்பு முதுகு. சொங்கியின் பட்டியில் மருந்துக்குக்கூட நீலம் இல்லை. பெரிய வேலை பார்த்து முடித்தவன்போல் ஓரமாக நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தான்.

“உன் வீரர் ரெஸ்ட் எடுக்கறாருடி!” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். நான் பதிவேட்டில் ‘கழிவு’ என்று எழுதினேன்.

பத்து மணிக்கு வண்டி வந்தது. வியாபாரி பின்பலகையை இறக்கினார். நாத்தனார் மண்ணில் முழங்கால் போட்டு, பட்டையைக்கூடக் கழற்றாமல் சொங்கியை நெஞ்சோடு நெஞ்சாகக் கட்டிக்கொண்டாள். “பாவி, ஒண்ணே ஒண்ணாவது செஞ்சிருக்கக் கூடாதா?” என்று அவன் காதில் அழுதாள். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

அப்போதுதான் அவளுடைய மேலங்கி என் கண்ணில் பட்டது. வெள்ளை வெளேரென்று இருந்தது.

குனிந்து என்னுடையதைப் பார்த்தேன். மாப்பிள்ளையைப் பிடித்துக் கட்டிய நான் கழுத்திலிருந்து முழங்கால் வரை சிவப்பாக இருந்தேன். அந்த நீலக்கட்டியை அப்படி இறுக்கிக் கட்டிப்பிடித்தவள் மேல் ஒரு பொட்டு நீலம் இல்லை! ஓடிப்போய் கட்டியை நகத்தால் சுரண்டினேன். நகம்தான் உடைந்தது. அடக் கடவுளே, அது வெயில் காலத்துக் கட்டி! உச்சி வெயிலில் உருகாமல் இருக்கக் கெட்டியாகச் செய்வார்கள். இந்தக் குளிரில் அது செங்கல். பத்துப் பெட்டை மேலும் ஏறியிருந்தால்கூட ஒட்டியிருக்காது.

சொங்கியின் முன்கால்கள் அதற்குள் பலகை மேல் இருந்தன.

“அண்ணே, ஏத்தாதீங்க! தப்பு என் மேல!” என்று நான் போட்ட கூச்சலில் வியாபாரி கயிற்றையே விட்டுவிட்டார்.

புதுப் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து மெத்தென்ற நீலம் எடுத்தேன். வேறு பட்டி, வேறு பத்து பெட்டைகள். இந்த முறை என் சட்டத்தை நானே காற்றில் பறக்கவிட்டு, வேலி இடுக்கில் கண்ணை வைத்தேன். நாத்தனார் என் தோளைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். கூச்சமா? அவனுக்கா? கதவைச் சாத்துவதற்குள் ஒன்று!

“ரெண்டு!” என்று நான் குதித்தேன்.

“மூணு அண்ணி, மூணு!”

வியாபாரி வண்டிக்கூரை மேல் ஏறி நின்று, “அஞ்சு! ஐயோ, ஆறு!” என்று கத்தினார். அவருக்கு ஒரு கிடா நஷ்டமாகிறது என்பதையே மனிதர் மறந்துவிட்டார். சத்தம் கேட்டு, பண்ணையின் பொறுப்பில் இருக்கும் பெரிய கால்நடை டாக்டர் ஓடிவந்தார். என்ன, ஏது என்று விசாரிக்காமல் பட்டிக் கதவைத் திறந்து உள்ளே போனார். ஏழாவதிலிருந்து எட்டாவதுக்குப் பாய்ந்த சொங்கி, அவருடைய கால்களுக்கு நடுவே புகுந்து போனான்.

கடைசிக் கணக்கு ஒன்பது. டாக்டரின் கால்சட்டையைச் சேர்த்தால் பத்து.

டாக்டர் தன் காலைப் பார்த்தார். சொங்கியைப் பார்த்தார். “இவனை எழுதிக்கோம்மா” என்றார். “மாப்பிள்ளை அடுத்த வருஷம் பார்க்கட்டும்.”

பதிவேட்டில் ‘கழிவு’ என்ற வார்த்தையைத் தாள் கிழிகிற மாதிரி அடித்தேன். வியாபாரி காலி வண்டியோடு சிரித்துக்கொண்டே போனார். நாத்தனார் சொங்கியைத் திரும்பவும் கட்டிக்கொண்டிருந்தாள். இப்போது மூக்கு, கன்னம், மேலங்கி எல்லாம் நீலம். இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“காலையில என்னமோ சத்தியம் பண்ணீங்க?”

சிரிப்பாகச் சொல்லிவிட்டுத் தப்பிக்கலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். பலகை மேல் ஏறிய அந்த இரண்டு முன்கால்கள் ஞாபகத்துக்கு வந்தன.

“மன்னிச்சிடுங்க, அண்ணி” என்றேன்.

பந்தயத்துக்காகச் சொல்லவில்லை என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது. ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். என் சிவப்பு மேலங்கி முழுக்க நீலம்.