இடப்பக்கத்துப் பலகை

1

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை எங்கள் சாப்பாட்டு மேசையில் பிறந்தது. அதில் நாங்கள் சாப்பிட்டு ஒரு வருடமாகிறது. மேசையை ஒரு கப்பல் பிடித்துக்கொண்டது. இருநூறு வருடங்களுக்கு முன் ஓடிய பாய்மரச் சரக்குக் கப்பலின் மர மாதிரி. நிஜத்தில் ஐம்பது அடி என்றால் இங்கே ஓர் அடி.

கட்டுகிறவர்கள் இரண்டு பேர். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் என் கணவர் வலப்பக்கம். பல் செட் செய்கிற அவர் தங்கை இடப்பக்கம். விரல் அகலம்கூட இல்லாத பலகைகளை வெந்நீரில் ஊறவைத்து, வளைத்து ஒட்ட வேண்டும். வலத்தில் ஒன்று ஒட்டினால் அடுத்தது இடத்தில். ஒரே பக்கமாக ஒட்டிக்கொண்டு போனால் கப்பல் கோணிக்கொள்ளும்.

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன். ‘அன்று கடல் கொந்தளித்துக்...’ (சும்மா இரு. இந்தக் கப்பல் தண்ணீரையே பார்க்கப்போவதில்லை.) ‘பாய்மரத்தின் உயரத்தை வைத்து அண்ணனுக்கும் தங்கைக்கும்...’ (பொய். பாய்மரமே இன்னும் வைக்கவில்லை.) மூன்றாவது அப்படியே நடந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் பக்கத்தை விரலால் தடவிக்கொண்டே வந்த தங்கை நடுவில் நிறுத்தினாள்.

“இது நான் ஒட்டினது இல்லையே?”

“நான்தான் மாத்தினேன்.”

“ஏன்? என் வேலை உனக்கு ஆகலையா?”

“மாத்தணும்னு தோணுச்சு, மாத்தினேன்.”

“அப்ப ரெண்டு பக்கமும் நீயே ஒட்டிக்கோ!”

பலகை சீவுகிற தன் கத்தியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போனவள்தான். நான்கு மாதமாகப் போனைக்கூட எடுப்பதில்லை.

3

என் கணவர் பாத்திரம் சரியாக அமையவில்லை என்று எனக்கே தெரிகிறது. தங்கையின் வேலையைக் கடை முழுக்கப் பீற்றிக்கொள்கிற மனுஷன் எதற்கு அவள் பலகையில் கை வைத்தார்? நல்ல வாசகர் இதைக் கேட்பார். (கேட்காதவருக்கு இவ்வளவு மெனக்கெட மாட்டேன்.)

அடுத்து அவர் செய்தது இன்னும் மோசம். கோபத்தில் தன் பக்கத்தில் மட்டும் வரிசையாக ஐந்து பலகை ஒட்டினார்.

“கோணிடாதா?” என்றேன்.

“கோணட்டும்.”

கோணிவிட்டது. இப்போது கப்பலின் மூக்கு ஒரு பக்கம், வால் ஒரு பக்கம்.

4

அந்தப் பலகை தானாகவே வெடித்து... (அடித்துவிட்டேன்.)

பழைய பசை காரணமாக... (இதையும்.)

உடைத்தவள் நான். தூசி தட்டுகிறேன் பேர்வழி என்று துணியை வீசினேன், படக்கென்றது.*

“அவகிட்ட சொல்லிடாதீங்க. நான் எதைத் தொட்டாலும் போச்சுன்னு ஏற்கெனவே சிரிப்பா,” என்று கெஞ்சினேன். அவர் தலையாட்டிவிட்டுப் புதுப் பலகை ஒட்டினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் சமையலறையில்தான் நின்றேன். எல்லாம் கேட்டது. ‘நான்தான்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். துடைத்த தட்டையே துடைத்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது.

* தொடாதே என்று மூன்று முறை சொல்லியிருந்தார். நான்கு முறை சொல்லியிருக்கலாம்.

5

முடிவுகள். ஒன்று: தங்கை இதைப் படித்துவிட்டு ஓடிவருகிறாள், எல்லாரும் அழுகிறோம். இரண்டு: இனி என் முகத்திலேயே விழிப்பதில்லை என்கிறாள். இரண்டையும் என்னால் ஜோராக எழுத முடியும். எழுதப்போவதில்லை.

நேற்று அவரிடம் கேட்டேன், “இதை நிமிர்த்த முடியுமா?”

“வெந்நீர்த் துணி போட்டு என் அஞ்சையும் கழட்டணும். அப்புறம் ஒண்ணு இங்க, ஒண்ணு அங்க.”

“ரெண்டு பக்கமும் நீங்களே ஒட்டிடலாமே?”

“அவ பக்கத்தை அவதான் ஒட்டணும்.”

இன்று காலை, உடைத்தவள் நான் என்பதை எழுதி உன்னிடம் கொடுக்கப்போவதாகச் சொன்னேன். ஆம், இனி உன்னிடம்தான் பேசுகிறேன். மற்ற வாசகர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். உன் அண்ணன் எழுந்துபோய் அடுப்பில் வெந்நீர் வைத்தார்.

இந்தத் தாள்களை நீ பல் செட் செய்கிற இடத்தின் முன்மேசைப் பெண்ணிடம் கொடுத்தனுப்பிவிட்டு வாசலில் நிற்கிறேன். முடிவை நீயே எழுது. கடைசிப் பக்கத்தைக் காலியாக விட்டிருக்கிறேன், உன் அண்ணியைத் திட்ட. இடம் போதாவிட்டால் வெளியே வா, நேரிலேயே வாங்கிக்கொள்கிறேன்.