பொத்தான் டப்பா

அண்ணிக்கு எதிலும் என்னைவிடக் கை வேகம். அதை ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது சொல்லிக்காட்டுவாள். கம்பெனியிலிருந்து வரும் சட்டைகளுக்கு நாங்கள் இருவரும் முன்னறையில் உட்கார்ந்து காலர் தைத்து, பொத்தான் வைத்துக் கொடுக்கிறோம். அவரவர் சட்டையை அவரவரே முழுதாக முடிக்க வேண்டும் என்பது அண்ணி போட்ட சட்டம். ஏழு மணி நேரத்தில் அவள் பன்னிரண்டு முடிப்பாள், நான் ஐந்து.

"ஒரு காலருக்கு உனக்கு ஒரு மணி நேரம், எனக்கு இருபதே நிமிஷம். ஒரு சட்டைக்குப் பொத்தான் வைக்க உனக்கு இருபது, எனக்குப் பதினஞ்சு. எதுலயும் நீ தேற மாட்டே. பேசாம உட்காரு, எல்லாத்தையும் நானே பாத்துக்கறேன்," என்றாள் நேற்றுக் காலையில்.

எனக்குச் சுருக்கென்றது. பொத்தான் டப்பாவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

"சும்மா உட்கார மாட்டேன் அண்ணி. ரெண்டுலயும் நீங்கதான் வேகம், ஒத்துக்கறேன். ஆனா நீங்க ஒரு மணி நேரம் பொத்தான் வெச்சா மூணு காலர் போச்சு. நான் வெச்சா ஒரே ஒரு காலர்தான் போகுது. இனிமே பொத்தான் எல்லாம் நான், காலர் எல்லாம் நீங்க."

"எனக்கே பாடம் எடுக்கறியா?" என்று டப்பாவுக்குக் கை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை. முறைத்துக்கொண்டே மிஷினை மிதித்தாள்.

சாயங்காலம் முடிந்த சட்டைகள் இருபத்தொன்று. இதுவரை பதினேழைத் தாண்டியதில்லை. நம்பாமல் மறுபடியும் எண்ணினாள்.

"இப்பவும் உன்னைவிட நான்தான் வேகமாப் பொத்தான் வைப்பேன்."

"வைப்பீங்க. விட்டுப்போற காலரை யார் தைப்பா?" என்று டப்பாவைப் பட்டென்று மூடினேன்.