வீட்டு புரோக்கர் ஓட்டுக் கேட்கப் போனார்

என் வீட்டுக்காரருக்கு எந்த வீட்டுக்குள் காலை வைத்தாலும் கை சும்மா இருக்காது. விரல் முட்டியால் சுவரைத் தட்டிப் பார்ப்பார். குழாயைத் திறந்து மூடுவார். வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று ஜன்னலில் எட்டிப் பார்ப்பார். துக்கம் விசாரிக்கப் போன இடத்தில்கூட இதைச் செய்து என் மானத்தை வாங்கியிருக்கிறார். அவர் வீட்டு புரோக்கர், பழக்கம் அப்படி. அப்பேர்ப்பட்ட மனிதரை ஓட்டுக் கேட்கக் கூட்டிக்கொண்டு போனது நான்தான். அதை வேறு யாரும் எனக்குச் சொல்லிக் காட்ட வேண்டாம் என்று நானே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தொகுதியில் இந்தத் தடவை சட்டசபைக்கு ஒரு வக்கீலம்மா நிற்கிறார்கள். குடியிருப்பவர்களை நினைத்த நேரத்தில் துரத்தக் கூடாது, வாடகையை இஷ்டத்துக்கு ஏற்றக் கூடாது, புதிதாகக் கட்டுகிற அடுக்குமாடிகளில் சிறு சம்பளக்காரர்களுக்கும் வீடு ஒதுக்க வேண்டும், இதற்கெல்லாம் சட்டம் கொண்டு வருவேன் என்பது அவர்கள் பேச்சு. தேர்தல் நேரத்துப் பேச்சை நான் காதில் போட்டுக்கொள்கிறவள் இல்லை. ஆனால் இந்த அம்மா வருஷக்கணக்காகக் கோர்ட்டில் வாடகைக்காரர்களுக்காக நின்றவர்கள். நான் திரைச்சீலை தைக்கிற கடையில் வேலை பார்க்கிறேன். ஊரில் உள்ள பெரிய ஜன்னல்களையெல்லாம் அளந்துவிட்டு, ஒரே ஒரு ஜன்னல் உள்ள வாடகை வீட்டுக்குத் திரும்புகிறவளுக்கு அந்தப் பேச்சு பிடிக்காமல் போகுமா?

என்னை இதில் இழுத்துவிட்டது லேப்காரி. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கிற வேலை, அதனால் தெருவே அவளை அப்படித்தான் கூப்பிடும். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வருகிறவர்களுக்காக விடியும் முன்பே லேபைத் திறக்க வேண்டும். அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. வீடு பக்கத்தில் இருந்ததால்தான் அந்த வேலையே அவளுக்குக் கிடைத்தது. வீட்டுப் பின்சுவரைத் தாண்டினால் அவள் பெண்கள் இரண்டு பேரும் படிக்கிற பள்ளிக்கூடம். ஒரு வீடு, அதில் ஒரு குடும்பமே மாட்டிக்கொண்டு தொங்கியது என்று சொல்லலாம்.

பிரச்சாரத்துக்குப் போகிறவர்கள் அவள் வீட்டு முன்னறையில்தான் கூடுவோம். யாராவது கொஞ்சம் சத்தமாகச் சிரித்தால் உடனே உதட்டில் விரலை வைத்து "உஷ்" என்பாள். அவள் பெண்களும் அந்த வயசுக்குரிய கூத்து எதுவும் இல்லாமல் பூனை மாதிரி நடப்பார்கள். மாடியில் வீட்டுக்கார அம்மா தூங்குவார்கள் போலிருக்கிறது என்று நாங்கள் நினைத்துக்கொள்வோம்.

என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டபோது முதலில் முரண்டு பிடித்தார்.

"வாடகை ஏறலன்னா என் கமிஷன் எப்படிடி ஏறும்? என் பொழப்புல நானே மண்ணப் போடணுமா?"

"நாமளும் வாடகை வீட்லதான் இருக்கோம். ஞாபகம் இருக்கா?"

வாயை மூடிக்கொண்டு வந்தார். வந்தவர் வெளுத்து வாங்கினார். சந்து வீட்டை அமைதியான வீடு என்றும், ஜன்னல் இல்லாத அறையைக் குளுகுளுவென்று இருக்கும் என்றும் சொல்லி வாடகைக்கு விட்ட வாய். அந்த வாய்க்கு நிஜமாகவே நல்ல சரக்கு கிடைத்தால் கேட்க வேண்டுமா? எங்களுக்குக் கதவைத் திறக்காதவர்கள்கூட இவருக்கு நாற்காலி போட்டார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, லேப்காரிக்கு மேலே வீட்டுக்கார அம்மாவின் மாடி வீடு மட்டும் பாக்கி இருந்தது.

"நீங்க ரெண்டு பேரும் மேல போயிட்டு வாங்க அண்ணி. வாடகை குடுக்கத் தவிர நான் மேல போறதில்ல. நான் டீ போட்டு வைக்கிறேன்" என்றாள்.

மாடி வீட்டு அம்மா தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். தனியாக இருக்கிறார்கள், மகன் வேறு ஊரில். துண்டுப் பிரசுரத்தில் வக்கீலம்மா படத்தைப் பார்த்ததும், "நல்ல பொம்பள. என் ஓட்டு இவங்களுக்குத்தான்" என்றார்கள். அத்தோடு எழுந்து வந்திருக்க வேண்டும். தண்ணீர் கொண்டு வர அவர்கள் சமையலறைக்குப் போக, இவரும் பேசிக்கொண்டே பின்னால் போனார். சுவரைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"என்னம்மா கட்டடம் இது. இப்பல்லாம் இப்படி யாரு கட்டுறா? காத்து எப்படி வருது பாருங்க. கீழயும் இதே மாதிரிதானா?"

"கீழயும் இதே இடத்துல ஜன்னல். ரெண்டு ஜன்னலும் இந்தச் சந்தப் பாத்துதான் இருக்கு."

"கீழ என்ன வாடகைக்கு விட்டிருக்கீங்க?"

அந்த அம்மா சொன்னார்கள். இவர் சிரித்தார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. இதெல்லாம் எந்தக் காலத்து நிலவரம்? இன்னிக்கு இத என் கையில குடுத்தா, கண்ண மூடிக்கிட்டு ரெண்டு மடங்குக்கு விட்டுருவேன். ஆளுங்க வரிசையில நிப்பாங்க."

நான் ஓடிப்போய் அவர் முழங்கையில் நறுக்கென்று கிள்ளினேன். "ஆ" என்றார். அப்புறம்தான் எங்கே நிற்கிறோம், என்ன வேலையாக வந்தோம் என்பது அவருக்கு உறைத்தது. "சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேம்மா" என்று அசடு வழிந்தார். அந்த அம்மா குழாயை மூட மறந்து நின்றார்கள்.

"ரெண்டு மடங்கா?"

படியில் இறங்கும்போது நான் பல்லைக் கடித்தேன். "அந்தம்மா மறந்துடும்டி" என்றார். தபால் ஆபீஸில் வேலை பார்த்தவர்கள் எதை மறந்திருக்கிறார்கள்? கீழே லேப்காரி டீ வைத்திருந்தாள். ஆறிப் போயிருந்தது. "என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள். "ஓட்டு நமக்குத்தானாம்" என்றேன். பொய் இல்லையே என்று மனசுக்குச் சமாதானமும் சொல்லிக்கொண்டேன். அடுத்த வாரம் முழுக்க அவள் பக்கத்திலேயே நடந்து, வாடகை ஏற்றுகிறவர்களைப் பற்றி வீடு வீடாகப் பேசினேன். ஒவ்வொரு வாசலிலும் எனக்கு வாய் கசந்தது.

பயந்ததுதான் நடந்தது. ஒரு சாயங்காலம் லேப்காரி எங்கள் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை.

"இரட்டிப்பு வாடகை குடு, இல்லன்னா மாசக் கடைசியில காலி பண்ணுன்னு சொல்லிட்டாங்க. எங்களால முடியாது அண்ணா. நீங்கதான் வேற வீடு பாத்துக் குடுக்கணும்."

இவர் தரையைப் பார்த்தார். லேபுக்கு நடந்து போகிற தூரத்தில், அவள் கொடுக்கக்கூடிய வாடகைக்கு வீடே கிடையாது என்பது இவருக்குத் தெரியாதா என்ன? அவள் போன கொஞ்ச நேரத்தில் மாடி வீட்டு அம்மாவின் மகனிடமிருந்து போன் வந்தது. அம்மா நம்பர் கொடுத்தார்களாம். கீழ் வீட்டுக்கு நல்ல ஆளாகப் பார்த்து வைக்க வேண்டுமாம். போனை வைத்துவிட்டு இவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. நானும் பார்க்கவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே வெட்கம், ஆளுக்குப் பாதி என்று பிரித்துக்கொள்ளக்கூட முடியவில்லை.

"போய்ப் பேசுங்க" என்றேன்.

"என்னன்னு பேசுறது?"

"மோசமான வீடுன்னு பேசுங்க. மோசமான வீட்டையெல்லாம் நல்ல வீடுன்னு சொன்ன வாய்தானே? ஒரு தடவ திருப்பிச் சொல்லட்டும்."

மறுநாள் மறுபடியும் அந்தச் சமையலறை. ஒரு வீட்டைக் குறை சொல்லி அவருக்குப் பழக்கமே இல்லை. பாவம், வியர்த்துக் கொட்டியது. சுவரைத் தட்டி, உள்ளே ஓதம் ஏறியிருக்கிறது என்றார். பள்ளிக்கூடத்துச் சத்தத்தில் மனுஷன் குடியிருக்க முடியாது என்றார். கீழே குழாயெல்லாம் போயே போய்விட்டது, இந்த வாடகைக்கு ஆள் இருப்பதே பெரிய விஷயம் என்றார்.

அந்த அம்மா பொறுமையாகக் கேட்டார்கள்.

"குழாயா? அந்தப் பொண்ணு இத்தன வருஷத்துல ஒரு குறைன்னு மேல வந்ததில்லையே. வீடு நல்லா இல்லன்னா வராம இருப்பாளா?"

இவர் மறுபடியும் சுவரைத் தட்டினார்.

"அன்னிக்கு நீங்கதானே சொன்னீங்க. மகன் விசாரிச்சான், அவனும் அதேதான் சொல்றான். என் ஓட்டு வக்கீலம்மாவுக்குத்தான், அதுல மாத்தமில்ல. ஆனா அவங்க வந்து சட்டம் போட்டுட்டா அப்புறம் ஏத்த முடியாதாமே. இப்பவே ஏத்திடணும்னு சொல்றான்."

அவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த வீட்டின் விலையும் சொல்லி, வரப்போகிற சட்டத்தையும் சொல்லி, துண்டுப் பிரசுரத்தையும் கையில் கொடுத்துவிட்டு வந்தது நாங்கள்தானே?

கீழே இறங்கினோம். லேப்காரி வாசலில் இரண்டு தம்ளரில் தண்ணீரோடு நின்றாள். அவள் வேலைக்குப் போயிருப்பாள் என்று நினைத்துத்தான் அந்த நேரத்தில் வந்திருந்தோம்.

"ஏன் அண்ணா அப்படிச் சொன்னீங்க? நல்ல வீடுதானே. அன்னிக்குச் சொன்னதுதான் சரி."

அன்னிக்கு என்றாள்.

"அன்னிக்குக் கேட்டுச்சா?" என்றேன்.

"ஜன்னல் திறந்துதானே இருக்கும் அண்ணி. அண்ணா 'ஆ'ன்னது வரைக்கும் கேட்டுச்சு."

இவர் தம்ளரை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். "ஏம்மா அப்பவே என்னத் திட்டல?" என்றார்.

"திட்டினா நீங்க பிரச்சாரத்துக்கு வர மாட்டீங்க. உங்கள மாதிரிப் பேச நம்மகிட்ட வேற யாரு இருக்கா?" கோபமே இல்லாமல்தான் சொன்னாள். கோபப்பட்டிருந்தால் கொஞ்சமாவது தாங்கியிருப்பேன். "குழாய் ஒழுகினப்ப நாங்களே மாத்தினோம். மழைக்குச் சுவர்ல தண்ணி இறங்கினப்ப எங்க வீட்டுக்காரரே ஏணி வச்சு ஏறிப் பூசினாரு. எதுக்கும் மேல போய் நின்னதில்ல. போனா வாடகை ஞாபகம் வருமே. கீழ ஒரு வீடு இருக்கறதே அவங்களுக்கு மறந்து போகணும்னுதான் இத்தன வருஷமும் இருந்தோம். பிள்ளைங்களக் கூட வாய் விட்டுச் சிரிக்க விட்டதில்ல."

உதட்டில் அவள் விரல் வைப்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அந்த விரலுக்கு எதிரே உட்கார்ந்து எத்தனை தடவை டீ குடித்திருப்பேன்? எங்கேயாவது ஓடிப்போய்விடலாம் போலிருந்தது.

"நாளைக்கு எந்தத் தெரு அண்ணி?" என்று கேட்டாள்.

"நீ வரியா?"

"மாசக் கடைசி வரைக்கும் இங்கதானே இருக்கேன்."

அப்போது உள்ளே அவள் பெண்கள் எதற்கோ சிரித்தார்கள். ஒருத்தி ஆரம்பிக்க, இன்னொருத்தி சேர்ந்துகொள்ள, சந்து வழியாக மாடி வரைக்கும் கேட்டிருக்கும். இவர் பதறிப்போய்த் தம்ளர் இருந்த கையாலேயே "உஷ்" என்று காட்டினார்.

"சிரிக்கட்டும் விடுங்க அண்ணா" என்றாள்.